உள்ளறையில் ஷாஹிர்

ஷாஹிர் மேல் எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம்தான். பீடோங் டவுனில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவரின் மகன். கயிறு கட்டிக் குகைக்குள் இறங்குவதில் கெட்டிக்காரன். எங்கள் தோட்டத்துக்குப் பின்னாலிருக்கும் சுண்ணாம்பு மலைக்குகையை அளந்து, பாதை போட்டு, விளக்கு வைத்தது அவன்தான். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தினமும் மத்தியானம் வாளியும் பையுமாக உள்ளறைக்குத் தனியாகப் போவானேன்? கேட்டால், "அந்த நேரத்துல வழுக்கும்லா, தேவகிக்கா. யாரும் வராதீங்க" என்பான்.

மத்தியானத்தில் மட்டும் வழுக்குமா? மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்.

உள்ளறைக் கூரையில் கண்ணாடி மாதிரிப் படிகங்கள் தொங்குகின்றன. அதைப் பெயர்த்து விற்கிறான் என்றே முடிவு கட்டினேன். தோட்டத்தில் வேலை போனபிறகு குகைக்கு வழிகாட்டிகளாகப் பயிற்சி எடுத்த எட்டுப் பெண்களில் நானும் ஒருத்தி. சனிக்கிழமை குகை திறந்தால்தான் எங்களுக்குப் பிழைப்பு. அதில் இவன் மண்ணள்ளிப் போட விடுவேனா? குகைக்குப் பொறுப்பான அரசாங்க அலுவலகத்தில் அவன் மேல் ரிப்போட் கொடுத்தேன். புதன்கிழமை வருகிறோம் என்றார்கள்.

புதன் மத்தியானம், கையும் களவுமாகப் பிடிக்க அவன் பின்னாலேயே போனேன்.

தரையிலிருந்து முளைத்த ஆளுயரத் தூண் முன்னால் மண்டியிட்டு, பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தான். தூண் முழுக்க மஞ்சள். நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. எங்கள் ஆட்களுக்குக் கல் நிமிர்ந்து நின்றால் போதுமே! காலையில் பயிற்சிக்கு உள்ளே வருவது நாங்கள் எட்டுப் பேர்தான். பூசினவள் எங்களில் ஒருத்தி.

"மூணு வாரமா கழுவுறேங்க்கா. மறுநாள் புதுசா இருக்கு. கோயில் பிரச்சினைன்னு தெரிஞ்சா குகையைப் பூட்டிடுவாங்க."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே தம்பி?"

"என் பேரு ஷாஹிர்க்கா. சாமியை அழிக்கிறான்னு சொல்லமாட்டீங்களா?"

சொல்லியிருப்பேன். நான்தான் முதல் ஆளாகச் சொல்லியிருப்பேன்.

பாதையில் பேச்சுச் சத்தம் கேட்டது.

"ஆபீசருங்க. நான்தான் வரச்சொன்னேன்" என்றேன். அவன் பிரஷைக் கீழே வைத்தான்.

அதிகாரி தூணில் டார்ச் அடித்து, யார் வேலை இது என்று மலாயில் கேட்டார். ஒரு புத்திகெட்டவள் செய்தது என்றால் கோயில் பிரச்சினையாகாது, குகை தப்பும். அவன் வாய் திறப்பதற்குள், நான்தான் என்று மலாயிலேயே சொன்னேன்.

சனிக்கிழமை குகை திறந்தது. ஏழு பேருக்கு வழிகாட்டிகளின் நீலச் சட்டை கொடுத்தார்கள். நான் டிக்கெட் வாங்கி வரிசையில் நின்றேன்.

"உனக்கேன்டி இந்த வேலை? எங்க பிழைப்பும் போயிருக்குமே!" என்று வாசலில் வைத்து ஏழு பேரும் திட்டினார்கள். பூசினவளும் சேர்ந்துதான் திட்டினாள்.