செம்பருத்திக் குளவிகள்

உலகநாதன் விடியலில் எழுந்து பல் விளக்குவான். கிணற்றில் இரண்டு குடம் இறைத்து வைப்பான். அவன் மனைவி சாமுண்டீஸ்வரி சாணம் தெளித்து, வாசல் திராட்சைப் பந்தலின் அடியில் அரிசிமாவுக் கோலம் போடுவாள். அவன் காபி குடித்துவிட்டு, அம்பத்தூரில் ரயிலேறி விவசாய இலாகா ஆபீசுக்குப் போவான். எல்லா நாளும் அப்படித்தான்.

1937 தை மாதம் கொடியெங்கும் மாவுப்பூச்சி அப்பியது. பூந்தமல்லியில் தாய்மாமன் தோட்டத்திலிருந்து குச்சி கொண்டுவந்து அவளே வைத்த கொடி. அவள் மாமனார் ஜம்புலிங்கம் கொடுவாளைத் தீட்டினார்.

"மாசி முடியறதுக்குள்ள இந்த வெள்ளை போவலன்னா, வெட்டிட்டு பொடலங்கா போட்டுடுவேன்."

உலகநாதன் தெருச் செம்பருத்திகளில் தேடி, பழுப்பேறிக் கெட்டித்துப்போன மாவுப்பூச்சிகளைப் பொறுக்கி வந்தான். விளக்குச் சிம்னியில் போட்டு மல்துணி கட்டினான். சில நாளில் உள்ளே கடுகைவிடச் சின்னக் குளவிகள் பறந்தன. மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும் ஜாதி. குஞ்சு அதைத் தின்றுவிட்டுத்தான் வெளியே வரும்.

"கோயமுத்தூர்ல படிச்சது இதுக்கா?" என்றாள் அவள். "கொசுவுக்கு மாமன் முறையாவறதுக்கா?"

"குளவி."

"சரி, குளவிக்கு."

பந்தலில் திறந்துவிட்டான். வெள்ளை குறையவில்லை. ஒரு காலையில் குனிந்து பார்த்தான். எறும்புகள், பூச்சி கசியும் இனிப்புக்காக அதைச் சூழ்ந்து நின்று குளவிகளைத் துரத்தின. எறும்புச் சாரை அவள் கோலத்திலிருந்து புறப்பட்டிருந்தது.

தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அப்போ நான் சோறு போட்டு வளக்குறதுங்கோ உங்க ஆளுங்கள அடிக்குதா?" முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். "எறும்பப் பட்டினி போட மாட்டேன். கோலத்த தெருப்பக்கம் தள்ளிப் போடறேன். தண்டுக்கு நீங்க எதுனா பண்ணுங்க."

எறும்பு ஏறாதபடி அடித்தண்டிலும் பந்தல்கால்களிலும் வண்டி மசகு தடவினான். முழங்கைவரை கறுப்பு.

"நலுங்கு வெச்சமாரி கீது. கண்ணு படப்போவுது" என்றாள் அவள்.

மாசிக் கடைசியில் ஜம்புலிங்கம் கொடுவாளோடு வந்தார். "இன்னும் ஒட்டிகினு கீதே!"

சாமுண்டீஸ்வரி ஒன்றைக் கிள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள். வெறும் கூடு. முதுகில் ஓர் ஓட்டை.

"காலி ஊடு மாமா. குடியிருந்தவங்கோ ஊட்ட தின்னுட்டுப் போய்ட்டாங்கோ."

அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னொன்றைக் கிள்ளினார். அதுவும் காலி. கொடுவாளைக் கூரையில் செருகினார்.

சித்திரையில் முதல் கொத்து பழுத்தது. ஐப்பசியில் சாமுண்டீஸ்வரி காய்ச்சலில் போய்விட்டாள். 'புருசன் படிப்புன்னா இதுன்னு கொத்தைக் கண்ணுல ஒத்திகினாளே' என்று ஜம்புலிங்கம் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். உலகநாதன் மறுப்பதில்லை. அவள் கண்ணில் ஒத்திக்கொள்ளவில்லை. ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டு, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கையை நீட்டினாள்.

"புளிக்குது. இன்னொண்ணு குடுங்க."