நடுத்தெருவில் ஒரு கோடு

புதுச் சட்டம் வந்ததும் அந்தப் பெரிய நகரத்தைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டு சபைகளாகப் பிரிப்பது என்று முடிவாயிற்று. குப்பை, தெருவிளக்கு, குடிதண்ணீர், கடை திறக்கும் நேரம் எல்லாவற்றையும் இனி அந்தந்தச் சபையே பார்த்துக்கொள்ளும். ஒரு பல்பு மாற்றக்கூட மேலிடத்தின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கோட்டை எங்கே போடுவது என்ற வேலையை யார் தலையிலாவது கட்ட வேண்டுமே. எல்லை வரையறைக் குழுவில் வரைபடம் போடும் அளவையாளர் தலையில் கட்டினார்கள்.

அவள் வேலையில் கெட்டிக்காரி. குழுவின் தலைவரான ஓய்வுபெற்ற நீதிபதி, "வாய்க்கால்தான் இருக்கேம்மா, அது மேலேயே போட்டுடு" என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். போட்டுப் பார்த்தாள். வாய்க்கால் பாதி வழியில் மனம் மாறியதுபோல் மேற்கே வளைந்துவிட்டது. ஒரு பக்கம் ஜனம் பிதுங்கி வழிந்தது, மறுபக்கம் காற்றாடியது. கணக்கு ஒத்துவர வேண்டுமானால் கோடு வாய்க்காலை விட்டு இறங்கி ஏதாவது ஒரு தெரு வழியாக நடந்தாக வேண்டும். அகலமும் நேரும் சேர்ந்து அமைந்த தெரு அந்தப் பகுதியில் ஒன்றே ஒன்றுதான். அது அவள் குடியிருந்த தெரு.

பென்சிலை வைத்துவிட்டு யோசித்தாள். தன் தெருவை விட்டுவிட்டு அடுத்த தெருவில் போட்டால், தன் வீட்டுக்குத் தானே சலுகை காட்டிக்கொண்டாள் என்று ஊர் வாயில் விழ வேண்டும். நேர்மையாகத் தெருவின் நட்ட நடுவில் போட்டாள். அவள் வீட்டு வரிசை மேற்கு. எதிர் வரிசை கிழக்கு.

வரைவு வரைபடத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அன்று, அவள் வீடு திரும்புவதற்குள் செய்தி வீடு சேர்ந்துவிட்டது. மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் விசில் டீச்சர்தான். தெரு நலச் சங்கத்துக்குத் தலைவியும் அவரே.

"நல்ல காரியம் பண்ணினேம்மா" என்று மருமகளின் தோளில் தட்டினார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அப்படி ஒரு தட்டு வாங்கியதில்லை. "இனிமே அந்த ஆளு வேற ஊரு. நாம வேற ஊரு."

அந்த ஆள் என்றால் எதிர்வீட்டுப் பேக்கரிக்காரர். சங்கத்தின் செயலாளர். அவருடைய வேன் விடியற்காலையில் டீச்சர் வீட்டு வாசலை மறித்து நிற்கும். டீச்சர் விசில் ஊதுவார். அவர் வெளியே வந்து, "தட்டை இறக்கிட்டு எடுத்துடுவாங்க டீச்சர், தெருவே முழிச்சுக்கப் போவுது" என்பார். சங்கக் கூட்டம் ஒவ்வொன்றிலும் இந்த விவகாரமே முதலில் எடுக்கப்படும்; அதிலேயே கூட்டம் முடிந்துவிடும்.

அன்று பேக்கரிக்காரரும் சும்மா இருக்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கேக் துண்டு இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை வேன் வந்து நின்றது. டீச்சர் விசிலை ஊதினார். பேக்கரிக்காரர் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"டீச்சர், வேன் நிக்கறது, கடை நேரமெல்லாம் இனிமே கிழக்குச் சபை பாடு. உங்களுக்குப் புகார் இருந்தா உங்க மேற்குச் சபையில எழுதிக் குடுங்க. அவங்க எங்களுக்கு எழுதுவாங்க. நாங்க உட்கார்ந்து யோசிப்போம்."

டீச்சர் பேக்கரி வாசலில் விழும் வெளிச்சத்தைப் பார்த்தார். விளக்குக் கம்பம் அவருடைய வரிசையில் நின்றிருந்தது.

"சரி. அந்த விளக்கு மேற்கோட விளக்கு. உங்க பக்கம் வெளிச்சம் விழாம ஒரு தகரத்தை வெச்சு மறைக்கச் சொல்லி எங்க சபையில தீர்மானம் போட்டுடறேன்."

பேக்கரிக்காரரின் முகம் வேகாத ரொட்டி மாதிரி வெளுத்துப்போயிற்று.

அதற்குப் பிறகு தெருவில் ஓர் அமைதி வந்தது. நல்ல அமைதி இல்லை. வேன் வந்து நின்றாலும் விசில் கேட்கவில்லை. ஊதி என்ன பயன் என்று டீச்சர் விட்டுவிட்டார். இரண்டு ஊருக்கு ஒரு சங்கம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாததால் சங்கக் கூட்டமும் நடக்கவில்லை. டீச்சர் தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே இருந்தார். பல் டாக்டரான மகன், அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் வலிக்கிறதோ என்று டார்ச் அடித்துப் பார்த்தான்.

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று மனைவியிடம் வந்து சொன்னான். "உன் கோடுதான் எங்கேயோ குத்துது."

"நீங்கதான் கொஞ்சம் பேசிப் பாருங்களேன்."

"நான் பல்லைத்தான் பிடுங்குவேன். எல்லையைப் பிடுங்கறது என் வேலை இல்ல" என்று நழுவிவிட்டான்.

ஆட்சேபம் கேட்கும் நாள் வந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் மேஜை போட்டு நீதிபதி நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் வரைபடத்தோடு அவள். முதல் ஆட்சேபம் யாருடையது என்று கூப்பிட்டார்கள். கூட்டத்தின் ஒரு மூலையிலிருந்து விசில் டீச்சர் எழுந்தார். இன்னொரு மூலையிலிருந்து பேக்கரிக்காரர் எழுந்தார். இருவரும் ஒரே மைக் முன்னால் வந்து நின்றார்கள்.

அவளுக்குக் காது மடல் சூடேறியது. காலையில் அவளும் மாமியாரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்து டீ குடித்தார்கள். மூச்சு விடவில்லையே இந்த அத்தை.

"உங்க ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு கேள்விப்பட்டேனே" என்றார் நீதிபதி.

"ஆகாதுதான்" என்றார் டீச்சர். "அதனாலதான் சேர்ந்து வந்திருக்கோம்."

பேக்கரிக்காரர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "சார், நாங்க ஒரே தெரு. என் வேன் அவங்களுக்கு இடைஞ்சல், அவங்க விசில் எனக்கு இடைஞ்சல். அடிச்சுக்கறோம், பேசறோம், ஏதோ ஓடுது. நடுவுல கோட்டைப் போட்டா, அவங்க என்னைக் கேக்க முடியாது, நான் அவங்களைக் கேக்க முடியாது. நாளைக்கு எங்க ரோட்டுல ஒரு குழி விழுந்தா பாதிக் குழிய ஒரு சபையும் மீதியை இன்னொரு சபையுமா மூடும்?"

மண்டபம் சிரித்தது. நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார். "உங்க விலாசமும் எங்க அளவையாளர் விலாசமும் ஒண்ணா இருக்கே?"

"என் மாமியார் சார்" என்றாள் அவள் மெல்ல. இப்போது மண்டபம் அடங்க நேரமாயிற்று.

"வீட்ல அவ என் மருமக. இங்க அதிகாரி" என்றார் டீச்சர், கொஞ்சமும் அசையாமல். "கோடு தப்புன்னா தப்புதான் சார்."

நீதிபதி ஒரு வாரம் தவணை கொடுத்தார். கணக்கும் ஒத்துவர வேண்டும், தெருவும் உடையக் கூடாது. முடிந்தால் மாற்றலாம், முடியாவிட்டால் இதே கோடுதான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டே விட்டாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அத்தை?"

"வீட்ல சொன்னா நீ எனக்காக மாத்தினேன்னு ஆயிடும். உனக்குத்தானே கெட்ட பேரு?" டீச்சர் துணி மடித்துக்கொண்டே சொன்னார். "அங்க சொன்னா ஊருக்காக மாத்தினதா இருக்கும்."

அவளுக்குக் கோபம் முழுக்கப் போகவில்லை. மறுநாள் வரைபடத்தைச் சுருட்டி அலமாரியில் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள். நேர்க்கோடு என்று அவள் நினைத்திருந்த தெருவில் ஒருவரும் நேராக நடக்கவில்லை. எல்லோரும் குறுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இரவல் குடையைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். ஒருவர் எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்து அவர்கள் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்துப் பூனைக்கு அந்தப் பக்கத்தில் பால் வைத்திருந்தார்கள். அவள் கோடு போட்ட இடம், தையல்காரர் துணி தைப்பதுபோல் இரண்டு வரிசையையும் ஊர் சேர்த்துத் தைக்கிற இடமாக இருந்தது.

பிறகு ஏதோ தோன்றி வீட்டுக்குப் பின்னால் போனாள். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. வெளியே ஒரு சாக்கடைச் சந்து. அந்தப் பக்கத்து வீடுகளும் இந்தப் பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. ஒரு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா, யாரைத் தேடறீங்க?"

"யாரையும் தேடலைங்க. நான் இந்த வீடு" என்று தன் சுவரைத் தொட்டுக் காட்டினாள்.

"அப்படியா? அது எந்தத் தெரு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய தெரு எது என்று அவளுக்கும் வரைபடத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஒரு சுவருக்கு அப்பால் இத்தனை வருஷம் குடியிருந்தும் அந்த முகத்தை இன்றுதான் பார்க்கிறாள். முகம் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நடுவில் கோடு போட்டுவிட்டோம், முதுகு காட்டுகிறவர்களை ஒட்டவைத்துவிட்டோம் என்று புரிந்தது. அன்று மதியமே அலுவலகம் போய்ச் சந்து வழியாகக் கோட்டை நடத்தினாள். தெரு முழுவதும் கிழக்கில் சேர்ந்தது. ஈடாக, வாய்க்கால் வளைவில் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பை மேற்கில் சேர்த்தாள். அதன் வாசலே மேற்குப் பார்த்துத்தான் இருந்தது. கணக்கும் ஒத்துக்கொண்டது.

நீதிபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "என்னம்மா இது, கோடு பாம்பு மாதிரி நெளியுது?"

"ஊரும் அப்படித்தான் சார் இருக்கு."

அவர் கையெழுத்துப் போட்டார்.

டீச்சருக்குப் பசி எடுத்துவிட்டது. கூடவே வேறொன்றும் எடுத்தது. கிழக்குச் சபையின் முதல் தேர்தலில் தங்கள் தெரு இருக்கும் வட்டத்துக்குத் தானே நிற்பதாக அறிவித்தார். அடுத்த மணி நேரத்தில் பேக்கரிக்காரரும் அறிவித்தார். அரசாங்க வேலை என்பதால் அவளுக்கு யார் பக்கமும் பேசத் தடை. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தத் தடையை அவள் வரமாக நினைத்தாள். பாவம், பல் டாக்டர்தான் இரண்டு கட்சிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, கிளினிக்குக்கு வருகிறவர்களிடமெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுத் தான் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

டீச்சர் சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் பேக்கரிக்காரரிடம் தோற்றார்.

முடிவு வந்த சாயங்காலம் வீட்டில் யாரும் அவர் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. அவரோ இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

"வருத்தமா இல்லையா அத்தை?"

"எதுக்கு? ஜெயிச்சிருந்தா தெருவுல இருக்கறவங்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லணும்" என்றார் டீச்சர். "இப்ப அவரு சொல்லணும்."

அடுத்த மாதம் இன்னொரு நகரத்தைப் பிரிக்கும் வேலை அவள் மேஜைக்கு வந்தது. வரைபடத்தை விரிப்பதற்கு முன், குழுவில் இருக்கும் யாருக்காவது அந்த ஊரில் மாமியார் உண்டா என்று விசாரித்துக்கொண்டாள்.