அலோசியஸின் வளைவு

“ஐரோப்பிய மண்ணில் தமிழனின் மோட்டார்ப் பந்தய வரலாறு இந்தப் புனித பூமியில்தான் எழுதப்பட்டது” என்று டக்ளஸ் ஒலிவாங்கியில் முழங்கியபோது, புனித பூமி கோதுமை அறுத்த வெறுங்காணியாக மழையில் ஊறி, வந்தவர்களின் சப்பாத்துகளை உறிஞ்சிக்கொண்டிருந்தது. பக்கத்து வயல்காரர் முதல்நாள்தான் பன்றிக் கழிவை விசிறியிருந்தார். முன்வரிசையில் நின்ற தமிழர்கள் கைலேஞ்சியை எடுத்தது உணர்ச்சிவசப்பட்டு அல்ல.

டக்ளஸ், ஸ்டுட்கார்ட் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்க ஒன்றியத்தின் தலைவர். இறந்துபோன அலோசியஸின் மைத்துனர். அவருக்குப் பின்னால் இரண்டு கம்புகளில் கட்டிய பதாகையில், ‘சேற்றுமண்ணின் சூறாவளி அமரர் அலோசியஸ்’ என்று எழுதியிருந்தது. யாரோ ஒருவரின் கலியாணவீட்டில் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக எடுத்த படத்தை வெட்டி, இணையத்தில் எடுத்த பந்தயக் காரொன்றின் மேல் ஒட்டியிருந்தார்கள். சூறாவளி அந்தக் காருக்கு மேலே, சாப்பாட்டுப் பந்தியில் இடம் கிடைக்காதவர்போல மிதந்துகொண்டிருந்தார்.

பந்தயத்தின் வரலாறு அவ்வளவு பெரியதல்ல. முன்னொரு காலத்தில், அறுவடை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர்த் தீயணைப்புப் படை இளைஞர்கள் குடித்துவிட்டு இரண்டு ஓட்டைக் கார்களை வயலில் ஓடவிட்டு மோதினார்கள். அடுத்த வருடமும் மோதினார்கள். அதற்கடுத்த வருடம் ஒரு கழகமும், தலைவரும், பொருளாளரும், கொடியும், கொடியைப் பற்றிய பாட்டும் வந்துவிட்டன. ஜெர்மன்காரரின் கூத்து மூன்று வருடம் தாக்குப்பிடித்தால் கழகமாகிவிடும். எங்களுக்கு அவ்வளவு காலம் தேவையில்லை, மூன்றாம் வருடம் எங்கள் கழகம் இரண்டாக உடைந்திருக்கும்.

அலோசியஸைக் கூட்டிவந்தவர் இரும்பு வார்ப்பாலையில் அவரோடு வேலைசெய்த பிரென்னர். இப்போது அவர்தான் கழகத் தலைவர். வருடாவருடம் ஓகஸ்ட் மாதத்தில் ஊரில் உள்ள தமிழ்ச் சனமெல்லாம் பஸ் பிடித்து வடக்கே கேவலார் மாதா கோயிலுக்கு யாத்திரை போகும்போது, அலோசியஸ் பந்தயத்துக்குப் போவார். மாலையில் தலைமுடிவரை சேறாக வந்து, குளித்து, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி, “இந்தமுறையும் கார் நிண்டிட்டுது” என்பார். வேறு கதை கிடையாது. வசந்தம் தொடங்கினால் ஒவ்வொரு சனிக்கிழமையும் பிரென்னரின் கொட்டகையில் தன் பழைய சிவப்புக் காரோடு கிடப்பார். மகள் டெல்சியின் முதல் நன்மைப் பூசைக்கே பாதியில்தான் வந்தார், நகத்தில் கிறீஸோடு. மனைவி பற்றிமா கத்தினால், “இந்தமுறை பழுதைக் கண்டுபிடிச்சிட்டன்” என்பார். தவக்காலத்தில் ஒருநாள், பழுதைக் கண்டுபிடிக்காமலே, மாரடைப்பில் செத்துப்போனார்.

கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் இறந்தால், அந்த வருடப் பந்தயத்துக்கு முன் அவருடைய காரை வீட்டு ஆள் ஒருவர் தனியாக ஒரு சுற்று ஓட்டவேண்டும். இந்த வருடம் ஒரு வளைவுக்கு அலோசியஸின் பெயரும் வைக்கிறோம் என்று பிரென்னர் வந்து சொன்னார். பற்றிமா அன்றைக்குத்தான், அவர் செத்தபிறகு முதல்தடவையாக, பழைய சேலையொன்றை எடுத்து மினுக்கினாள். தன் சனிக்கிழமைகளையெல்லாம் தின்ற அந்த இடத்தை ஒருமுறை பார்க்கவேண்டும் என்றிருந்தது. அங்கே அவருக்கு ஒரு மரியாதை இருந்திருக்கவேண்டும். இருந்தால், தின்றது தின்றதாகப் போகட்டும்.

டக்ளஸ் இறங்கியதும் பிரென்னர் ஒலிவாங்கியைப் பிடித்தார். பற்றிமாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலைசெய்து பழகிய ஜெர்மன் போதுமானதாயிருந்தது.

அலோசியஸ் முதல் வருடம் இந்த வளைவில் வந்தபோது கார் நின்றுவிட்டதாம். அவர் இறங்கி, காரைக் கும்பிட்டு, பிறகு செருப்பைக் கழற்றி அதற்கு ஓங்கினாராம். முழு ஊரும் உருண்டு சிரித்ததாம். அடுத்த வருடமும் அதே வளைவில் நின்றதாம். அதற்குப் பிறகு சனம் அந்த வளைவில்தான் கூடும். கார் கிட்ட வரும்போது எல்லோரும் சேர்ந்து “மூன்று, இரண்டு, ஒன்று” என்று கத்துவார்கள். கார் நிற்கும். பியர் பறக்கும். அலோசியஸ் ஒருமுறையும் இந்த வளைவைத் தாண்டியதில்லை. “எங்கள் பந்தயத்தில் வென்றவர்களின் பெயர் ஒருவருக்கும் ஞாபகமில்லை. அலோசியஸை எல்லோருக்கும் ஞாபகம். சனிக்கிழமைகளில் அவர் சமைக்கும் கோழிக்கறியையும்” என்று முடித்தார். அவருடைய குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

பற்றிமா, “கோழிக்கறியோ?” என்றாள். வீட்டில் அவர் தேத்தண்ணிக்குக் கூடத் தண்ணி கொதிக்க வைத்ததில்லை.

டக்ளஸுக்கு முகம் கறுத்துவிட்டது. “பகிடி பண்ணுறாங்கள். எங்கட ஆளைக் கோமாளியாக்கிப்போட்டாங்கள்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு, காரை ஓட்டத் தலைக்கவசத்தோடு நின்ற டெல்சியிடம் போனார். “பிள்ளை, கவனம். எப்பிடியாவது அந்த வளைவைத் தாண்டிப்போடு. எங்கட மானம் இதிலதான் கிடக்கு.”

“மாமா, பிரென்னர் வந்து அதில நிப்பாட்டச் சொல்லிக் கேக்கிறார். எல்லாரும் அதுக்குத்தானாம் வந்தவை.”

“நிப்பாட்டுறதோ? செத்த கொப்பரை இன்னொருக்காச் சாக்கொல்லப் போறியோ?”

“நீங்களும் ஒரு பதாகையைக் கட்டிப்போட்டு... அம்மா, நீங்கள் சொல்லுங்கோ. நான் என்ன செய்ய?”

பற்றிமா கைப்பையிலிருந்து கேவலாரில் வாங்கிய, மாதா உருவப் பிளாஸ்டிக் தீர்த்தப் போத்தலை எடுத்து, நீலக் கிரீட மூடியைத் திருகி, காரின் முன்பக்கத்தில் மூன்றுதரம் தெளித்தாள். மிச்சத்தைச் சில்லுகளில் ஊற்றினாள்.

“நீ ஒண்டும் செய்யாதை” என்றாள். “சும்மா ஓட்டு. அது தானா நிக்கும். அந்த மனிசன் இதோட எவ்வளவு மல்லுக்கட்டினது. உனக்கு மட்டும் கேக்கப்போகுதே?”

டெல்சி ஒன்றும் செய்யவில்லை. சும்மா ஓட்டினாள். சிவப்புக் கார் சேற்றை இரண்டு பக்கமும் கிழித்துக்கொண்டு வந்தது. வளைவில் நின்ற சனம் பியர்க் குவளைகளைத் தூக்கியது. மூன்று. இரண்டு. ஒன்று. கார் வளைவில் திரும்பி, கொஞ்சம் வழுக்கி, நிமிர்ந்து, அந்தப் பக்கம் போய்விட்டது. தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். சுற்று முடியும்வரை இஞ்சின் ஒருமுறைகூட இருமவில்லை. டக்ளஸ் மட்டும் கைதட்டினார்.

பற்றிமா சேறு மிதித்துப் பிரென்னரிடம் போனாள். “யார் திருத்தினது?”

“ஒருவரும் தொடவில்லை. போன ஓகஸ்டிலிருந்து அப்படியேதான் கிடந்தது. பற்றரி மட்டும் மாற்றினோம்” என்றார் பிரென்னர். பிறகு அவள் கேட்டது என்னவென்று விளங்கியவர்போல, சிவப்புக் காரைப் பார்த்தார். பிறகு கொடியைச் சுருட்டத் தொடங்கினார். அவசரமில்லாத வேலை. அவசரமாகச் செய்தார்.

அதற்குள் டக்ளஸ் ஒலிவாங்கியை எட்டிப் பிடித்துவிட்டார். “புதுமை! அற்புதம்! இது கேவலார் மாதாவின் புதுமை! அத்தனை வருடம் தீராத பழுது, தீர்த்தம் பட்ட உடனே தீர்ந்திருக்கிறது!” தமிழ்ச் சனம் சிலுவை போட்டது. ஒரு பெண்மணி அழுதபடி வந்து பற்றிமாவின் கையைப் பிடித்து, “அக்கா, அந்தத் தண்ணியில ஒரு சொட்டு மிச்சமிருக்கோ?” என்றாள். பற்றிமா போத்தலைப் பார்த்தாள். புதுமை என்றால் நல்லதுதான். புதுமை என்றால் காரில் பழுது இருந்திருக்கும். பழுது இருந்திருந்தால், அவர் அந்தச் சனிக்கிழமைகளில் அதைத் தேடிக்கொண்டுதான் இருந்திருப்பார்.

டெல்சி தலைக்கவசத்தைக் கழற்றாமல் காருக்குள்ளேயே இருந்தாள்.

காலையில் வரும் வழியில் போத்தலின் மூடி இளகி, கேவலார் தண்ணீர் முழுவதும் கைப்பைக்குள் ஊற்றுண்டுவிட்டது. அதில் இருந்தது, நெடுஞ்சாலைத் தரிப்பிடத்துக் கழிவறைக் குழாயில் பற்றிமா பிடித்த தண்ணீர்.