குழாய்ப் பழுதுப் பதிவேடு

முப்பத்தோரு நோட்டுப் புத்தகங்களைக் காப்பாற்ற நான் ஒரு பொய் எழுதினேன். கோணல்மாணலாக இல்லை, மிக ஒழுங்காக, வரிசை எண் போட்டு எழுதினேன். என் தொழில் அப்படி. அரசு நீர் ஆய்வு நிலையத்தின் ஆவணக் காப்பாளர் நான். ஆபீஸில் எனக்கு ‘பீரோ’ என்று பெயர். தட்டினால் சத்தம் வருமே தவிர உள்ளே இருப்பது வெளியே வராது என்று என் காதுபடவே சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன்.

அந்த நோட்டுகள் என் அண்ணனுடையவை. அவரும் அதே நிலையத்தில்தான் கள அளவையாளராக இருந்தார். பேட்டரி தொழிற்சாலையைச் சுற்றியிருந்த நாற்பத்திரண்டு கிணறுகளுக்கு மாதம் ஒருமுறை சைக்கிளில் போவார். கயிற்றில் கட்டிய குப்பியை இறக்கித் தண்ணீர் எடுப்பார், நாடாவை விட்டு ஆழம் பார்ப்பார், நேரத்தோடு நோட்டில் எழுதுவார். பிறகு அந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்து வாங்குவார். எழுதத் தெரியாதவர்களிடம் கைநாட்டு. மறுவாரம் ஆய்வகத்திலிருந்து ஈயத்தின் அளவு எழுதிய சீட்டு வரும். அதை அந்த வரிக்கு எதிரே ஒட்டுவார். கையெழுத்து வாங்கச் சொல்லி எந்த விதியும் இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். “நாளைக்கு எவனாவது, நீ கிணத்துப் பக்கமே போகலைன்னு சொன்னா?” என்பார் அண்ணன். பத்தொன்பது வருடம் இப்படி எழுதினார்.

கடைசி ஐந்து வருடங்களில் ஈயம் ஏறிக்கொண்டே போனது. ஆண்டறிக்கையில் அதை அச்சிட்டார்கள், யாரும் படிக்கவில்லை. ஆட்சி மாறியபோது யாரோ படித்துவிட்டார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். புதிய அறிவியல் கொள்கை என்று எட்டுப் பக்கச் சுற்றறிக்கை வந்தது. ஆய்வு வளர்ச்சிக்குத் துணை நிற்க வேண்டும் என்றது முதல் வரி. இரண்டாவது பக்கத்தில் கிணற்று ஆய்வுப் பிரிவை மூடியிருந்தார்கள். ஐந்தாவது பக்கத்தில், கைவிடப்பட்ட ஆய்வுகளின் எல்லா ஆவணங்களையும் தலைமையகத்துக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். தலைமையகத்துக்குப் போனது கிணற்றில் போட்ட கல் என்பது கடைநிலை ஊழியருக்கும் தெரியும்.

அண்ணனுக்குத் தனியாக ஒரு காகிதம் வந்தது. ‘புனைந்த அளவீடுகளைப் பதிந்தமைக்காகப் பணிநீக்கம்.’ புனைந்த என்ற அந்தச் சொல்லை அவர் தாங்கவில்லை. பென்ஷன் போனதைக்கூட அப்புறம்தான் கவனித்தார். ஓர் இரும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார், ஆணி நிறுத்துக் கொடுக்கும் வேலை. தராசு முள் நடுவில் நிற்கும்வரை காகிதத்தில் கட்ட மாட்டாராம். கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார் என்று அண்ணி சொன்னாள்.

லாரி வருவதற்கு இரண்டு நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை மதியம், எல்லோரும் கிளம்பிய பிறகு நான் அந்த முப்பத்தோரு நோட்டுகளையும் எடுத்தேன். மழைக்குத் தாங்கட்டும் என்று அண்ணன் எல்லாவற்றுக்கும் ரெக்சின் அட்டை போட்டிருந்தார். அட்டையில் அவர் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகளின் மேல் புதுச் சீட்டு ஒட்டினேன். ‘குழாய்ப் பழுதுப் பதிவேடு, தொகுதி ஒன்று’ என்று தொடங்கி முப்பத்தொன்று வரை. அறிவியல் பிரிவிலிருந்து எடுத்து நிர்வாகப் பிரிவில், நாற்காலி மேசைக் கணக்குக்கும் கேட் பாஸ் கட்டுகளுக்கும் நடுவில் அடுக்கினேன். அட்டவணையைத் திருத்தினேன், பெரிய பதிவேட்டிலும் திருத்தினேன். அதுவரை என் கையால் ஒரு பொய்ப் பதிவு போட்டதில்லை.

அண்ணனிடமும் சொல்லவில்லை. அவருக்குப் பொய் வராது. யாராவது வீட்டுக்கு வந்து அதட்டினால் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். லாரி வந்து, ஆண்டறிக்கைப் பிரதிகளும் ஆய்வகப் பதிவுகளும் உட்பட, ஆறு அலமாரிக் காகிதங்களை ஏற்றிக்கொண்டு போனது. எல்லாவற்றையும் எரித்துவிட்டார்கள் என்று பிறகு பேச்சு வந்தது. அண்ணன் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒன்பது வருடம் அவை அங்கே இருந்தன. ஒரு தடவை தணிக்கைக்கு வந்த அதிகாரி மூன்றாம் தொகுதியின் மேல் கையை வைத்துவிட்டார்.

“என்னம்மா, ஒரு ஆபீஸ்ல குழாய் இவ்வளவா பழுதாகும்?”

“பழைய கட்டிடம் சார்” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த அலமாரிக்குப் போனார். நான் மூன்றாம் தொகுதியை வரிசைக்குள் தள்ளி வைத்தேன்.

பிறகு மறுபடி காற்று திரும்பியது. புது அமைச்சர், புதுக் கொள்கை. இந்தத் தடவை அதற்கு ‘அறிவியல் நினைவு ஆண்டு’ என்று பெயர். நம் விஞ்ஞானத்தின் வரலாற்றைக் காப்பது நம் கடமையாம். ஒன்பது வருடம் முன்பு லாரிக்கு ரசீது போட்ட அதே துணை இயக்குநர் மேடையேறித் தொண்டை கரகரக்கப் பேசினார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கூட்டத்திலேயே ஒரு நல்ல சேதியும் வந்தது. மூடப்பட்ட ஆய்வுகளை மறுபடி பார்க்க மூன்று பேர் கொண்ட குழு அமைக்கிறார்கள். மூல நோட்டுகள் கிடைத்தால் பழைய பணிநீக்க ஆணைகளையும் ரத்து செய்வார்கள்.

அன்று மாலையே அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அண்ணா, உன் நோட்டெல்லாம் இருக்கு. முப்பத்தொண்ணும்.”

அவருக்குப் புரிய நேரமானது. விவரத்தைச் சொன்னதும் அண்ணி சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். அண்ணன் எழுந்து ஜன்னல் வரை போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார்.

“குழாய்ப் பழுதா?” என்றார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், ஒன்பது வருடத்தில் நான் கேட்காத சிரிப்பு. “அடிப்பாவி! பசை ஏதும் விட்டுப்போச்சா? ஆய்வகச் சீட்டு உதிர்ந்திருந்தா ஒட்டணுமே.”

“எல்லாம் அப்படியே இருக்கு.”

“அப்ப நாளைக்கே எடுத்துக் குடுத்துடேன்.”

இங்கேதான் நான் கெட்டிக்காரி ஆனேன். “அவசரப்படாதண்ணா. இன்னிக்கு இந்தப் பேச்சு, நாளைக்கு எந்தப் பேச்சோ. குழு உக்காரட்டும். தேதி வந்ததும் நானே கொண்டுபோய் மேஜை மேல வைக்கிறேன். நடுவுல யார் கையிலயும் குடுக்க மாட்டேன்” என்றேன்.

“நீ சொன்னா சரிதான்” என்றார் அண்ணன்.

அந்த வாரக் கடைசியில் எனக்கு ஓர் ஆணை வந்தது. நினைவு ஆண்டை ஒட்டி ஆவணக் காப்பாளர்கள் எல்லோருக்கும் வேறோர் ஊரில் பத்து நாள் பயிற்சி. வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பக்கத்தை எப்படிப் புரட்டுவது, கிழிந்த ஓரத்தில் மெல்லிய தாளை எப்படி ஒட்டுவது, பூச்சி அரிக்காமல் என்ன செய்வது என்று கற்றுக்கொடுத்தார்கள். நான் ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டேன். கடைசி நாளில் சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்தார்கள். படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

திரும்பி வந்து ஆவண அறையைத் திறந்தபோது நிர்வாகப் பிரிவு காலியாக இருந்தது. சுவர் தெரிந்தது. அதற்கு வெள்ளையும் அடித்திருந்தார்கள்.

என் உதவியாளர் பின்னாலேயே வந்தார். ஐம்பது வயது மனிதர், வேலையில் சுத்தம். “மேடம், நீங்க போன மறுநாளே ஆர்டர் வந்துச்சு. சயின்ஸ் கண்காட்சிக்கு இடம் வேணும், ஏழு வருஷத்துக்கு முந்தின நிர்வாகப் பதிவெல்லாம் கழிச்சிடுங்கன்னு. நீங்க வந்து பாராட்டணும்னு நானே நின்னு பார்த்தேன். சயின்ஸ் சம்பந்தப்பட்டது ஒரு துண்டுக் காகிதம்கூடப் போகல. உங்க அட்டவணையை வெச்சு ஒவ்வொண்ணா டிக் போட்டேன்.”

“குழாய்ப் பழுது?” என்றேன்.

“அது முதல் லாரியிலயே போயிடுச்சு மேடம்.”

அவர் செய்தது எல்லாமே சரி. என் அட்டவணையை என்னைவிட அதிகமாக நம்பியிருக்கிறார்.

பழைய பேப்பர் கிடங்குக்கு ஆட்டோவில் போனேன். இடுப்பளவு கட்டுகளுக்கு நடுவில் கிடங்குக்காரர் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். “அரசாங்க லோடா? மில்லுக்குப் போய் அஞ்சு நாளாச்சும்மா. இந்நேரம் கூழாகி அட்டைப்பெட்டியாவே வந்திருக்கும்” என்றார். என் முகத்தைப் பார்த்தோ என்னவோ எழுந்து வந்தார். “ரெக்சின மட்டும் மில்லுல எடுக்க மாட்டான். அதக் கிழிச்சுப் போட்டுடுவோம். வேணும்னா பாருங்க.”

மூலையில் கிடந்தன. குவியலைக் கிளறி முப்பத்தோரு ஜோடி அட்டைகளையும் எடுத்தேன். எல்லாவற்றின் மேலும் என் அழகான கையெழுத்தில் குழாய்ப் பழுதுப் பதிவேடு, குழாய்ப் பழுதுப் பதிவேடு. உள்ளே தைத்த நூல் மட்டும் தொங்கியது. அங்கேயே சாக்கு மேல் உட்கார்ந்து அழுதேன். கிடங்குக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

குழு உட்கார நான்கு நாள் இருந்தது. அன்றே அண்ணனிடம் சொன்னேன். அவர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். அண்ணிதான் வெடித்தாள். “எரிச்சவங்க எரிக்கல, மறைச்சவ அழிச்சிட்டா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அரிசி டின்னுக்குப் பின்னாடி வெச்சிருக்க மாட்டேனா?” அவள் கேட்டதில் என்ன தப்பு?

அண்ணன், “குழுகிட்ட நீ எதுவும் சொல்லாத. காணோம்னு மட்டும் சொல்லு. பதிவைத் திருத்தினேன்னு சொன்னா உன் வேலையும் போயிடும்” என்றார்.

மீதி நாட்களில் அந்தக் கிணறுகளுக்குப் போனேன். கையெழுத்துப் போட்டவர்கள் யாராவது வந்து சாட்சி சொன்னால் போதும் என்று ஓர் ஆசை. பாதி வீடுகளில் வேறு ஆட்கள். சிலர் செத்துப்போயிருந்தார்கள். ஒருத்தர், “சைக்கிள்ல ஒருத்தர் வருவாரு, ஆமா. என்ன எழுதுனாருன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? எங்கிட்ட கையெழுத்து மட்டும்தான் கேட்டாரு” என்றார். அவர் மகன் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். பேசிக்கொண்டே அதே கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் இறைத்தார். குடிக்காதீர்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். காட்டுவதற்கு என்னிடம் ஒரு காகிதம்கூட இல்லை.

குழுவின் முன் நான் உண்மையைச் சொன்னேன். அண்ணன் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு இன்னொரு ஒன்பது வருடம் இருக்க என்னால் முடியாது. அட்டைகளை மேஜை மேல் அடுக்கினேன். ஒன்றில் என் சீட்டைத் தண்ணீர் தொட்டு உரித்து, அடியில் அண்ணனின் சீட்டைக் காட்டினேன். ‘கிணறு 1 முதல் 42 வரை’, தேதி, அவருடைய சின்ன எழுத்து.

குழுத் தலைவர் கெட்டவர் இல்லை. ஓய்வுபெற்ற பேராசிரியர், பொறுமையாகக் கேட்டார். “அம்மா, நீங்க சொல்றத நான் நம்பறேன். ஆனா சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? இங்க அட்டைதான் இருக்கு, எண் இல்லையே.”

“நான் பார்த்திருக்கேன் சார். ஒவ்வொரு பக்கமும் பார்த்திருக்கேன்.”

பக்கத்தில் இருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “உங்க அண்ணன் மேல இருக்கற புகார், பதிவைப் புனைஞ்சார்ங்கறது. அதப் பொய்னு நிரூபிக்க வந்த சாட்சி நீங்க. நீங்க என்ன சொல்றீங்க? அரசாங்கப் பதிவை நானே என் கையால மாத்தினேன், ஒன்பது வருஷம் மறைச்சேன்னு சொல்றீங்க. இத நாங்க எப்படி எழுதறது, நீங்களே சொல்லுங்க.”

அண்ணன் தலையைக் குனிந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரைமணி நேரத்தில் எழுதிவிட்டார்கள். மூல ஆவணம் இல்லாததால் பழைய ஆணை நீடிக்கிறது. பதிவேட்டைத் திருத்தியதை ஒப்புக்கொண்ட ஆவணக் காப்பாளர் தற்காலிகப் பணிநீக்கம். கிணற்று ஆய்வு நடந்ததற்கு நம்பத்தக்க சான்று ஏதும் கிடைக்காததால், அதை நிலையத்தின் வரலாற்றில் சேர்க்க வேண்டியதில்லை. மூன்றாவது வரியை அண்ணன் இரண்டு தடவை படித்தார். முன்பு அவர் புனைந்ததாக எழுதியிருந்தார்கள். இப்போது அவர் போகவே இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

பஸ் நிறுத்தம் வரை இருவரும் நடந்தோம். வெயில் கொளுத்தியது. அட்டை மூட்டையை அவரே தூக்கிக்கொண்டார். நான் பிடுங்கப் பார்த்தேன், விடவில்லை.

“திட்டிடுண்ணா. ஏதாவது சொல்லு” என்றேன்.

“எதுக்குத் திட்டணும்? எனக்காகத்தானே செஞ்ச.” மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டார். “அப்பவே எரிச்சிட்டாங்கன்னு நம்பிக்கிட்டு இருந்தேம்மா. அழுது முடிச்சு, ஆறியும் போச்சு. நீ அன்னிக்கு வந்து, இருக்குன்னு சொல்லாமலே இருந்திருக்கலாம்.”

பஸ் வந்தது. எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுத்தார்.