ஒரு கனகமணி நீளம்

ஜாஸ்பினை உங்களுக்குத் தெரியாது, கண்ணுகளா. சாத்தூரில் நர்ஸ். ஊசி போடும்போது 'வலிக்காது' என்று சொல்ல மாட்டாள். 'வலிக்கும், கொஞ்ச நேரந்தான்' என்பாள். அப்படிப்பட்டவள் ஒரு பொய்க்காக ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் ஜெயசுந்தர் பெங்களூரில் பீர் காய்ச்சினான். லாரி லாரியாக அனுப்புகிற பெரிய கம்பெனி இல்லை. நாலைந்து கொப்பரை வைத்து, ருசி பார்த்துப் பார்த்துக் காய்ச்சுகிற சின்ன இடம். நம் கரிசல்காட்டுக் கம்பை முளைகட்டி அதில் பீர் எடுக்கலாம் என்று காட்டியவன் அவன். பக்குவத்தைப் பூட்டி வைக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தான். அந்தத் தொழிலில் மொழி தெரியாதவர்கள்கூட அவனை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பத்திரண்டு வயதில் மாரடைப்பில் போய்விட்டான்.

ஊரிலோ அவன் பிஸ்கட் கம்பெனி ஆபீசர். அப்படிச் சொல்லி வைத்தவர் அவன் அம்மா, கனகமணி டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கிறிஸ்தவ சபையில் மாதர் சங்கச் செயலாளர். மதுவிலக்கைப் பற்றி வருஷா வருஷம் கோயிலில் பேசுகிறவர். அடக்கத்துக்குப் பெங்களூரிலிருந்து பதினாறு பேர் வந்தார்கள். அவர்களையும் பிஸ்கட்காரர்களாக்கிப் பின் பெஞ்சில் உட்கார வைத்தார். ஒரு வார்த்தை பேச விடவில்லை. அவர்கள் தலை குனிந்து பஸ் ஏறியதை ஜாஸ்பின் மறக்கவில்லை.

முதல் வருஷ நினைவு ஆராதனைக்கு முந்தின நாள் காலை, சிவகாசி அச்சகத்திலிருந்து நினைவு அட்டையின் புரூஃப் வந்தது. படம், வசனம், கீழே ஒரு வரி: 'பிஸ்கட் நிறுவன அலுவலர்.'

"இதை மாத்தணும் அத்தை. பீர் காய்ச்சியவர்னு போடணும்."

"கோயில்ல குடுக்குற அட்டையிலயா? உனக்கென்ன புத்தி கலங்கிருச்சா?"

"பதினஞ்சு வருஷம் அவுக பாத்த வேலை அது ஒண்ணுதான். அதை எடுத்துட்டா பொறந்த தேதியும் செத்த தேதியுந்தான் மிச்சம்."

"நல்ல பேரு மிச்சம் இருக்கு."

"பிஸ்கட்டு பேரா? அந்த வரி அப்படியே வந்துச்சுன்னா நாளைக்கு நான் முன் பெஞ்சுல உக்கார மாட்டேன். பின்னால, அவுக ஆளுகளோட உக்காந்துக்கிடுவேன்."

அதற்குள் அச்சகத்து அருள்பாண்டி போன் செய்தான். "டீச்சர், காலண்டர் சீசன். மதியம் அரை மணி நேரந்தான் மிஷின் காலியா இருக்கு. திருத்தம் உண்டா, இல்லையா?"

"பன்னெண்டு மணிக்குச் சொல்றேன்" என்று டீச்சர் வைத்துவிட்டார்.

பதினொன்றரைக்கு ஓவியா வந்தாள். ஜெயசுந்தரிடம் தொழில் படித்தவள். பெங்களூரிலிருந்து முதலில் வந்து சேர்ந்தவள். அடுக்களையில் காப்பி கொடுத்தார்கள். அங்கே தன் கஞ்சி மாவுக்கென்று டீச்சர் ஈரத் துணியில் கம்பு முளைகட்டியிருந்தார். ஓவியா குனிந்து ஒரு மணியை எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தாள்.

"முக்கால் கனகமணிதான் வந்திருக்கு. நாளைக்கு எடுக்கலாம்."

டீச்சர் திரும்பினார். "என்ன சொன்ன?"

"முளையோட அளவும்மா. நகத்துல பாதி நீளம் வந்தா ஒரு கனகமணி. அண்ணாச்சி சொல்லிக் கொடுத்தது. புனே, கோவா, எங்க கம்பு முளைகட்டினாலும் அப்படித்தான் சொல்லுவாங்க. உங்க ஊர்ப் பழைய அளவுதானே, படி மரக்கால் மாதிரி?"

"அளவு இல்ல" என்றாள் ஜாஸ்பின். "இவுக பேரு."

ஓவியா காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"என் பேரையா சாராயக்காரங்க வாயில போட்டு வச்சிருக்கான்?"

"பீர்ம்மா."

"ரெண்டும் ஒண்ணுதான்." டீச்சர் ஓவியாவின் கையைப் பிடித்து இழுத்தார். "எங்க, காட்டு. இம்புட்டு நகம் வளத்து வச்சு அளந்தா எப்படி? நான் அவனுக்குச் சொன்னது என் நகத்துல பாதி." ஒட்ட வெட்டிய தன் கட்டைவிரலில் அந்த மணியை வைத்தார். "பாரு. இன்னைக்கே ஆச்சு. நாளைக்கு எடுத்தா இனிப்பெல்லாம் முளைக்குப் போயிரும்."

"அண்ணாச்சியும் இப்படித்தான் திட்டுவாரு. கடைசில ஸ்கேல்ல கோடு போட்டே எங்களுக்குக் கொடுத்தாரு."

டீச்சர் மணியைப் பார்த்தபடியே இருந்தார்.

"ஒரு கிறிஸ்மஸுக்கு வந்தப்ப என் நகத்தை ஸ்கேல் வச்சு அளந்தான்" என்றார். "மோதிரம் செய்யப் போறான்னு நெனச்சேன். மோதிரத்துக்கு நகத்தை எதுக்குலே அளக்கேன்னு கேட்டேன். சிரிச்சான்."

பிறகு துணியில் இருந்த கம்பை முறத்தில் கொட்டி, ஓவியாவிடம் நீட்டினார். "வெயில்ல பரத்து." கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"அருள்பாண்டி, திருத்தம் உண்டு. கடைசி வரியை அடிச்சிரு. 'பீர் காய்ச்சியவர், பலருக்குக் கற்பித்தவர்'னு போடு."

"பீர்தானா டீச்சர்? எழுத்துப்பிழை இல்லையே?"

"என்னைக்குலே நான் பிழை விட்டேன்?"

ஜாஸ்பின் மெதுவாகக் கேட்டாள். "மாதர் சங்கத்துல கேப்பாகளே அத்தை?"

"கேக்கட்டும். இம்புட்டு வருஷமா நான்தான் அவுகளைக் கேட்டுக்கிட்டு இருந்தேன். நான் குடிக்கச் சொல்லல, அந்தப் பேச்சை இனியும் பேசத்தான் போறேன். அதுக்காகப் பிள்ளை பாத்த வேலையை மாத்திச் சொல்ல மாட்டேன்."

மறுநாள் எட்டரைக்கே டீச்சர் கோயில் வாசலில் நின்றார். பழக்கத்தில் பின்னால் போன பெங்களூர்க்காரர்களை ஒவ்வொருவராக மடக்கி முன் பெஞ்சில் ஜாஸ்பின் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார். பாதிப் பேருக்குத்தான் இடம் இருந்தது. அடுத்த பெஞ்சில் மாதர் சங்கத்தார் அட்டையை வாசித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் பின்னால தள்ளி உக்காருங்கம்மா" என்றார் டீச்சர், கடைசி வரிசைப் பிள்ளைக்கும் கேட்கிற குரலில். "இவுக எம் மகன்கிட்ட பீர் காய்ச்சப் படிச்ச ஆளுக."