அளவு டப்பாவில் ஒரு குட்டி

டெச்சிமான் சந்தையில் மக்காச்சோளம் விற்கும் போகுவாவின் பூனைக்குட்டி, நான்கு மாதமாகியும் அவளுடைய அளவு டப்பாவுக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. கூடப் பிறந்த மூன்றும் மூட்டைக்கு மூட்டை தாவி எலி விரட்ட, இது கையளவு உடம்பும் பெரிய தலையுமாகத் தூங்கி வழிந்தது. தாய்ப்பூனையும் கைகழுவிவிட்டது. போகுவாதான் மீனை மசித்து விரல் நுனியால் ஊட்டினாள். உடம்பு சில்லிட்டால் மடியில் வைத்துக்கொண்டாள். சோளம் அளக்க வேறு டப்பா இரவல் வாங்கிக்கொண்டாள்.

"என்ன போகுவா, உன் புலி இன்னிக்காவது கண்ணத் திறந்துச்சா?" பக்கத்தில் வெங்காயம் விற்கும் டுஃபிக்கு இதைக் கேட்காமல் பொழுது விடியாது.

"திறந்துச்சு. உன் மூஞ்சியப் பார்த்துட்டு மறுபடி மூடிக்கிச்சு."

"சொல்றதக் கேளுடி. இது தேறாது. எங்கயாவது விட்டுட்டு வேலையப் பாரு."

போகுவா இன்னொரு வாய் மீனை மசித்துக் குட்டிக்கு ஊட்டினாள். இந்தப் பேச்சு அவளுக்குப் புதிதல்ல. பன்னிரண்டு வருஷத்துக்கு முன், மகள் அஃப்ரியே இரண்டு வயதாகியும் நிற்காமல், அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தபோது மாமியார் சொன்னாள்: "இது மனுசப் பிள்ளை இல்ல, ஆத்துச் சாமி அனுப்புன ஆத்துப் பிள்ளைடி. வந்த இடத்துக்கே அனுப்பிடு." தானோ என்கிற அந்த ஆற்றின் கரையில் விட்டுவிட்டு வரச் சொன்னாள். ஊரும் தலையாட்டியது. போகுவா விடவில்லை. பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு பிரார்த்தனை முகாம்களுக்கு நடந்தாள், பட்டினி கிடந்தாள், கொடுத்த எண்ணெயையெல்லாம் தடவினாள். நாலு வயதில் ஒரு காய்ச்சலில் பிள்ளை போய்விட்டது. என்னால் ஆனதையெல்லாம் செய்தேன் என்ற ஒரு நினைப்பில்தான் இத்தனை வருஷமும் அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாய்களுக்கு ஊசி போட வந்த கால்நடை மருத்துவர் அந்த டப்பாவை எட்டிப் பார்த்தார். இளைஞர். குட்டியின் பல்லைப் பார்த்தார், கொஞ்சம் ரத்தம் எடுத்துப் போனார். அடுத்த வாரம் வந்து சொன்னார்:

"சோம்பேறின்னு நினைக்காதீங்கம்மா. கழுத்துல இருக்கிற சுரப்பி வேலை செய்யல, அதான் வளரல. மாத்திரை இருக்கு. தினமும் கொடுக்கணும்." ஒரு சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தார்.

போகுவா சீட்டிலிருந்த பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை நீட்டினாள். அஃப்ரியே பிறந்த மறுவருஷம் போகுவாவுக்குக் கழுத்து வீங்கியதற்குப் பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்தது. அன்றிலிருந்து தினம் காலையில் ஒன்று.

"இதுவா, டாக்டர்?"

"அட, இதேதான்! குட்டிக்கு இதுல ஒரு துணுக்கு போதும்."

"மனுசப் பிள்ளைக்கும் இந்த நோய் வருமா?"

"வரும்மா. பிறந்ததுமே கண்டுபிடிச்சு இதைக் கொடுத்தா, மத்த பிள்ளைங்க மாதிரி வளர்ந்துடும்." சொல்லிவிட்டு அவர் அடுத்த நாயைப் பார்க்கப் போனார். அவருக்கென்ன தெரியும், பாவம்.

கழுத்து வீங்கினால் ஆஸ்பத்திரி, பிள்ளை வளராவிட்டால் பிரார்த்தனை. அப்படித்தான் ஊருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கழுத்தைக் காட்டப் போன அன்று அஃப்ரியே அவள் முதுகில்தான் இருந்தாள். யாரும் பார்த்து ஏதாவது சொல்லிவிடக் கூடாதென்று போகுவா பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடியிருந்தாள். ஆஸ்பத்திரி டாக்டர் பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை, அவளும் காட்டவில்லை.

மறுநாளிலிருந்து காலையில் ஒரு மாத்திரை அவளுக்கு, ஒரு துணுக்கு குட்டிக்கு. இரண்டு மாதத்தில் டப்பா கொள்ளவில்லை. ஒரு நாள் அது மூட்டைச் சந்திலிருந்து ஒரு சுண்டெலியைக் கவ்வி வந்து போகுவாவின் காலடியில் போட்டது.

டுஃபி கைதட்டினாள். "அடியே, புலி ஜெயிச்சிருச்சுடி!" திரும்பிப் பார்த்தவள் பதறிப்போனாள். "என்னடி இது, ஒரு எலிக்கா இப்படி அழுவாங்க?"

போகுவா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பைக்குள்ளதான் இருந்துச்சு, டுஃபி. அஃப்ரியே உயிரோட இருந்தப்பவே இந்த மாத்திரை இதுக்குள்ளதான் இருந்துச்சு."