ஒன்பது மணி நேரத் தூரம்

வெளிநாட்டில் வேலை பார்த்த லிஃப்ட் மெக்கானிக் ஊருக்கு வர ஏறிய விமானம் ஒன்பது மணி நேரத்தில் தரையிறங்கியது. அவர் மட்டும் மறுநாள்தான் வந்து இறங்கினார். பக்கத்து இருக்கைக்காரர் வீட்டுக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழுந்தபோது, இவர் அதே இருக்கையில் பெல்ட்டோடு மேகத்துக்கு மேலே இருந்தார். விசாரிக்கப் போன மனைவியிடம் கவுன்ட்டர் பெண், "ஃப்ளைட் கரெக்ட் டைமுக்கு வந்தாச்சு மேடம். உங்க வீட்டுக்காரர்தான் லேட்டு" என்றாள்.

பிரசவத்துக்கு வருகிறேன் என்று புறப்பட்ட அடுத்த பயணத்துக்கு ஐந்து மாதம் பிடித்தது. வந்து பார்த்தால் குழந்தை குப்புற விழுந்து சிரிக்கிறது. அதற்கடுத்த முறை கதவைத் திறந்த மகள் பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தாள். "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்றாள். மெக்கானிக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். வேலைக்குத் திரும்பிப் போக மட்டும் எப்போதும் ஒன்பது மணி நேரம்தான்; அந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்வது!

காரணத்தைக் கண்டுபிடித்தவள் மனைவி. அவள் தையல்காரி. 'நாளைக்குக் கண்டிப்பா தச்சுடறேன்' என்று சொல்லியே காலம் தள்ளுகிறவளுக்குப் பொய்யின் நீளம் அத்துப்படி. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் போனில் அலறினால், மெக்கானிக் டீக்கடையில் உட்கார்ந்தபடியே, "இதோ கிளம்பிட்டேன், பக்கத்துலதான் இருக்கேன்" என்பார். வீட்டுக்கும் அதையே சொன்னார். பெட்டியைத் தொடாமலே சொன்னார். சொல்லச் சொல்லத் தூரம் நீண்டுகொண்டே போனது.

"இன்னொரு தடவை கிளம்பிட்டேன்னு புளுகினீங்க, இவ கல்யாணத்துக்குக்கூட வந்து சேர மாட்டீங்க, பார்த்துக்குங்க" என்றாள் போனில்.

மெக்கானிக்குக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆனது. பெட்டியை அடுக்கினார், கலைத்தார், ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். விமானச் சத்தம் கேட்டாலே ஜன்னலைச் சாத்தினார். நாக்கை நம்பமுடியாமல் போனை எடுப்பதையே விட்டார். கடைசியில் ஒரு பிற்பகல், மனசு கேட்காமல் எடுத்துவிட்டார். மகள்.

"அப்பா, கிளம்பிட்டீங்களா?"

'இதோ' என்பது தொண்டை வரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இல்லடா கண்ணு. இன்னும் கிளம்பல. பெட்டிகூட அடுக்கல, துணியெல்லாம் கொடியில கிடக்கு. ஏறினா, நான் வந்து சேர்றதுக்குள்ள நீ பெரியவளாயிடுவியோன்னு பயமா இருக்கு."

மகள் கொஞ்சம் யோசித்தாள். "சரிப்பா, மொதல்ல துணிய எடுங்க. நானும் இங்க எடுத்துட்டுத்தான் இருக்கேன்."

அவர் பால்கனிக்குப் போய்க் கொடியிலிருந்து நீலச் சட்டையை இழுத்தார். அதற்குப் பின்னால், ஸ்டூல்மேல் ஏறி, காதில் போனை இடுக்கிக்கொண்டு, மகள் தன் சீருடைக்குக் குத்தியிருந்த கிளிப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

சத்தம் நின்றது. மனைவி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அறுந்த நூலை ஊசியில் கோத்தாள்.

"வந்ததுதான் வந்தீங்க, மழை வர்ற மாதிரி இருக்கு. மிச்சத் துணியையும் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அவர் இரண்டு ஊர்த் துணிகளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.